ஐந்தாம் தொட்டியில் கற்பூரவல்லி

ஐந்தாம் தொட்டியின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் பாதி ஏறும்போதே கெஸியாவுக்குச் சத்தத்தில் தெரிந்துவிட்டது. நேற்று மாலை அவள் வேலை முடித்து இறங்கியபோது ஓடியது இரண்டாம் தொட்டி மட்டும்தான். இப்போது இரண்டு விசிறிகளின் இரைச்சல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தது. மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

ஐந்தாம் தொட்டியில் வெறும் கம்பிவலை இருந்திருக்க வேண்டும். வலைக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத இருட்டில், அவளுடைய கற்பூரவல்லி மூட்டை இருந்திருக்க வேண்டும். ஆனால் வலையின் மேல் இந்த முனை முதல் அந்த முனை வரை ஒரு சாண் உயரத்துக்குத் தேயிலைக் கொழுந்து பரப்பிக் கிடந்தது.

தேயிலை ஃபேக்டரியின் மேல்மாடியை லாஃப்ட் என்பார்கள். பறித்து வரும் கொழுந்து முதலில் ஏறுவது இங்கேதான். இங்கே உள்ள தொட்டிகளில் தண்ணீர் கிடையாது. ஒரு பஸ் நீளத்துக்கு மரப்பெட்டி. மேலே மூடிக்குப் பதில் கம்பிவலை. ஒரு முனையில் ஆள் உயர விசிறி. விசிறி காற்றைப் பெட்டிக்குள் தள்ளும். உள்ளே போன காற்றுக்கு வேறு வழி இல்லை. வலை வழியாக மேலே ஏறி, கொழுந்தைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். இப்படிப் பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் காற்று ஏறினால் கொழுந்தில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி போய்விடும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால், நொறுங்காமல் உருண்டையாகவே நிற்கும். அதுதான் பதம். அந்தப் பதம் வந்ததா என்று பார்ப்பதுதான் கெஸியாவின் வேலை. ஆறு வருடமாக, தற்காலிக ஆளாக, அதைச் செய்துகொண்டிருக்கிறாள்.

அவள் குனிந்து, தொட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்தாள். வலை வழியாகக் கீழே உதிரும் இலையைக் கூட்டி எடுப்பதற்கான கதவு அது. உள்ளே கையை விட்டதும் வெதுவெதுப்பான காற்று முழங்கைவரை அறைந்தது. பழைய வேட்டியில் கட்டிய மூட்டை நேற்று வைத்த இடத்திலேயே, விசிறியின் வாய்க்கு நேராக இருந்தது. வெளியே இழுத்தாள். நேற்று மொறுமொறுவென்று தடித்திருந்த இலைகள் இப்போது துவண்டு, வேட்டியோடு ஒட்டிக் கிடந்தன. பாதி காய்ந்திருந்தன. அப்படியென்றால் மீதிப் பாதி, வாசனையோடு, இரவெல்லாம் காற்றில் ஏறித் தேயிலைக்குள் போயிருக்கிறது.

நேற்று அவள் போட்ட கணக்கில் பிசகு இல்லை என்றே நினைத்திருந்தாள். கிளென்மார்கன் மேட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது அவர்களுடைய குவார்ட்டர்ஸ். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் வெறும் ஈரம் இருக்கும் நாளில், கெஸியாவின் வாசலில் புல் வெள்ளையாக விறைத்து நிற்கும். கற்பூரவல்லியோ வெக்கை நாட்டுச் செடி. அவள் கணவன் ஷிஜோவின் அம்மா வீடு கூடலூரில். அங்கே கிணற்றடியில் யாரும் கவனிக்காமலே இடுப்பு உயரம் வளர்கிறது. அங்கிருந்து நான்கு விரல் நீளத் தண்டுகளை ஒடித்து வந்துதான் கெஸியா இங்கே நட்டாள். ஒடித்ததும் நட்டால் அழுகிவிடும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு நாள் நிழலில் போட்டால் வெட்டுவாய் காய்ந்து தோல் பிடிக்கும். அதன்பிறகு பாதி மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் பத்துப் பதினைந்து நாளில் வேர் விடும். தண்ணீரைக் கண்டபடி ஊற்றக்கூடாது. அந்தச் செடி தனக்கு வேண்டிய தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும்.

அதுதான் பனியில் அதற்கு எமனும். இலைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் விரியும். விரிந்தால் இலையின் நுண்ணறைகள் வெடிக்கும். காலையில் வெயில் பட்டதும் வெந்நீர் ஊற்றியதுபோல இலை கறுத்துத் தொங்கிவிடும். முதல் இரண்டு குளிர்காலத்தில் செடிகள் அப்படித்தான் போயின. மூன்றாவது வருடம் அடுப்புச் சுவரின் வெளிப்புறத்தை ஒட்டிப் பெயின்ட் வாளிகளை வரிசையாக வைத்தாள். உள்ளே அடுப்பு எரியும் சூடு செங்கல்லில் தங்கி விடியும்வரை கசியும். அந்தச் சூட்டில் செடிகள் பிழைத்தன. இந்த வருடம் ஏழு வாளியும் புதராகிவிட்டன. ஏழு வயது மகள் ஸ்டெபிக்குச் சளி கட்டினால் இரண்டு இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து, நாலைந்து சொட்டு தேனில் குழைத்துக் கொடுப்பாள். இழுப்பு வந்தால் ஆஸ்பத்திரியில் கொடுத்த பம்ப் தனி. அதை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், நிறுத்தவும் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் நாலு வீட்டுக்காரர்களும் இலைக்கு வந்து நிற்பார்கள்.

நேற்று மாலை வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மேகமும் இல்லை, காற்றும் இல்லை. மேகம் இருந்தால் தரையின் சூட்டைப் போர்வைபோலப் பிடித்து வைக்கும். இல்லாத இரவில்தான் உறைபனி. இந்தப் பனி அடுப்புச் சுவருக்கு அடங்காது என்று தோன்றியது. டீ இடைவேளையில் வீட்டுக்கு ஓடி, இருந்த இலையை எல்லாம் கிள்ளி மூட்டை கட்டினாள். வெயிலில் போட்டால் இந்த ஊரில் காய்வதற்கு முன்னால் பூசணம் பிடிக்கும். அடுப்பில் வைத்தால் வெந்துவிடும். அப்போதுதான் ஐந்தாம் தொட்டி நினைவுக்கு வந்தது. கீழே தேயிலையை உலர்த்தும் டிரையரிலிருந்து வரும் சூட்டுக்குழாய் அதை ஒட்டித்தான் போகிறது. குளிர்காலத்தில் கொழுந்து குறைவு. ஐந்தாம் தொட்டியைத் தொடவே மாட்டார்கள். இரண்டு நாள் அந்தக் கதகதப்பில் கிடந்தால் போதும்.

"கெஸியாக்கா, அங்க என்னத்தத் தேடறீங்க?"

லாஃப்டில் கூட வேலை செய்யும் சரிதா படியேறி வந்துகொண்டிருந்தாள். கெஸியா மூட்டையைச் சால்வைக்குள் தள்ளினாள்.

"எலி போன மாதிரி இருந்துச்சு. அஞ்சாவது ஏன் ஓடுது சரிதா?"

"உங்களுக்குத் தெரியாதா? சாயந்தரம் நீங்க எறங்குனதுக்கு அப்பறம் ரெண்டு லோடு வந்துருச்சு. ராத்திரி பனி கொட்டும், செடியில இருக்கற கொழுந்து கருகிப்போகும்னு மேனேஜர் லைட்டு போட்டுப் பறிக்கச் சொல்லிட்டாராம். ரெண்டாவது தொட்டி பத்தல."

கெஸியா சால்வையை இன்னும் இழுத்து மூட்டையை மறைத்தாள். தன் ஏழு வாளிச் செடியைப் பனிக்கு முன்னால் பறித்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது தோன்றாதா? அந்த ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

"பதம் பாத்துட்டீங்களா? ஏழேகாலுக்கு இறக்கணும்னு டீமேக்கர் சொல்லியிருக்காரு. ரெண்டாவதும் அஞ்சாவதும் ஒண்ணாத்தான் போகுதாம்."

கெஸியா ஐந்தாம் தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். பச்சைக் கொழுந்தின் வாசனை, அறுத்த ஆப்பிள்போல. அதற்கு அடியில் வேறு ஏதாவது? அவள் விரல் முழுக்கக் கற்பூரவல்லி. அந்தக் கையால் எதை எடுத்து முகர்ந்தாலும் அதே வாசனைதான் வரும். குழாயடிக்கு ஓடிக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தாள். ஒன்றும் இல்லை என்று தோன்றியது. இருக்கிறது என்றும் தோன்றியது.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஐம்பத்தைந்து. கீழே போய், தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் பாலகுமாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்தாம் தொட்டிக் கொழுந்தைத் தனியாக உருட்டுவார்கள், இரண்டாவது தப்பிக்கும். சனிக்கிழமை மூன்று பேரை நிரந்தரமாக்க பாலகுமார் பட்டியல் அனுப்பப் போகிறார். மூன்றாவது பெயர் கெஸியா. நிரந்தரம் ஆனால் குவார்ட்டர்ஸ் கையைவிட்டுப் போகாது, ஸ்டெபிக்கு மெடிக்கல் உண்டு. அதுவும் இன்று ஓடுவது சாதாரணச் சரக்கு இல்லை. குளிரில் தேயிலைச் செடி மெதுவாக வளரும். மெதுவாக வளரும் கொழுந்தில் மணம் திரளும். வருடத்தில் ஐந்தாறு வாரம் மட்டும் கிடைக்கிற அந்தப் பனிக்காலத் தேயிலையின் முதல் சாம்பிள் இன்று மாலை குன்னூர் ஏலத்துக்குப் போகிறது.

அவள் படிவரை போனாள். திரும்பி வந்தாள். ஜன்னல் பக்கம் போய்த் தோட்டத்தைப் பார்த்தாள். தண்ணீர் தெளிக்கும் ஆட்கள் குழாயை இழுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நகர்ந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் இலைமேல் இருக்கும் பனியைக் கழுவிவிட்டால் செடி பிழைக்கும். மறுபடி படிவரை போனாள்.

"என்னக்கா, கோழி முட்டைக்கு எடம் பாக்கற மாதிரி சுத்தறீங்க?" என்றாள் சரிதா.

ஏழேகாலுக்கு மணி அடித்தது. தரையில் இருந்த துவாரத்தின் மூடியைத் திறந்தார்கள். அதன் நேர் கீழே உருட்டும் இயந்திரம். சரிதா இரண்டாம் தொட்டியிலிருந்து ஒரு கூடை கொட்டினாள். கெஸியாவின் கை ஐந்தாம் தொட்டியிலிருந்து ஒரு கூடை கொட்டியது.

அதற்குப் பிறகு அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. ஏதேதோ சாக்குச் சொல்லிக் கீழே கீழே இறங்கினாள். இயந்திரத்தில் கொழுந்து நசுங்கி முறுக்கிக்கொண்டு சாறு கக்கும்போது எழும் மணம் வேறு எதையும் முகர விடாது. புளிக்கப் பரப்பும் அறையில் பச்சை இலை செம்பு நிறத்துக்கு மாறும். காற்று பட்டு ஆப்பிள் துண்டு பழுப்பாவதும் இதுவும் ஒன்றுதான். அங்கே குனிந்து முகர்ந்தாள். ரோஜாப் பூ போல இருந்தது. போயிருக்கும், அவ்வளவு காற்றில் பறந்து போயிருக்கும். டிரையர் வாயில் நின்றபோது சூட்டோடு ஏதோ ஒன்று மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது.

"என்னா புள்ள, இன்னிக்கி மேலுக்கும் கீழுக்கும் நடக்குற? டிரையருக்கு ஆள் நான் இருக்கேன்ல" என்றார் காளிமுத்து.

ஐம்பத்தேழு வயது. இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். இந்த டிரையருக்கு முன்னால் முப்பத்தொன்பது வருடம். ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம்.

"குளிருதுங்கண்ணா, சூடு காயலாம்னு வந்தேன்."

"காயி, காயி. நீ இந்தப் பக்கம் பனிக்கி வெறைக்கிற. நான் அந்தப் பக்கம் வேகுறேன். ரெண்டு பேரையும் கலந்தா ஒரு நல்ல மனுசன் வருவான்."

ஒரு மணிக்கு ஷிஜோ வந்தான். எஸ்டேட் பிக்கப்பின் டிரைவர் அவன்தான். சாம்பிள் டப்பாக்களை ஏற்றிப் போக நாலரைக்கு வண்டி எடுக்க வேண்டும். கெஸியா அவனைக் கேட்டுக்குப் பின்னால் இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"என்ற பொன்னே, பனிக்கூர்க்க போட்ட டீன்னு பேரு வெச்சு வித்தா நல்ல விலைக்குப் போகும் கேட்டோ." கற்பூரவல்லிக்கு அவன் அம்மா வீட்டில் அதுதான் பெயர்.

"வெளையாடாதீங்க. நாக்குல தெரிஞ்சா?"

"தெரிஞ்சா தெரியட்டும். எப்படி வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? நீ மிண்டாம இரு. சனிக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்காதே." வேலியில் அவள் மாட்டியிருந்த மூட்டையைக் காட்டினான். "அதக் கொண்டா, வண்டியில போட்டு ஊட்ல எறக்கிர்றேன்."

"சாம்பிள் போற வண்டியிலயா?"

ஷிஜோ நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

இரண்டு மணிக்குச் சுவை பார்க்கும் அறையில் பாலகுமார் கோப்பைகளை வரிசை வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், மணல் கடிகாரம் வைத்து ஒரே நேரம். பிறகு கரண்டியில் எடுத்து, தெருவுக்கே கேட்கும் சத்தத்தோடு உறிஞ்சுவார். மெல்லக் குடித்தால் நாக்குக்கு மட்டும்தான் தெரியும். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால் துளித்துளியாகச் சிதறி, தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்கும் போகும். மணத்தைப் பிடிப்பது மூக்குதான். பிடித்ததும் துப்பிவிடுவார்.

கெஸியா பாதி திறந்த கதவுக்கு வெளியே, துடைத்த தரையையே துடைத்துக்கொண்டு நின்றாள்.

உறிஞ்சும் சத்தம். துப்பும் சத்தம். மறுபடி உறிஞ்சும் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"காளிமுத்துவக் கூப்பிடுங்க" என்றது பாலகுமாரின் குரல்.

அண்ணே என்று சேர்க்காமல் அவர் அந்தப் பெயரைச் சொல்லி கெஸியா கேட்டதில்லை.

காளிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"தைலம் தடவுனீங்களா?"

"இல்லீங்கய்யா."

"டீயில தைல வாடை அடிக்குது. போன வருசம் ஒருக்கா, ஆவணியில ஒருக்கா. ரெண்டு தடவையும் மன்னிச்சு விட்டேன். பூ வெக்காதீங்க, தைலம் தடவாதீங்கன்னு செவுத்துல எழுதி வெச்சிருக்கறது எதுக்கு? தேயிலை பக்கத்துல இருக்கற வாசனைய எல்லாம் இழுத்துக்கும்னு உங்களுக்கு நான் புதுசா சொல்லணுமா?"

"சத்தியமா இன்னிக்கி தடவலங்கய்யா. முட்டி நோவுதுதான். ஆனா ஆவணியில இருந்து சுடுதண்ணி ஒத்தடம்தான்." காளிமுத்து குனிந்து காக்கிப் பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். "வேணும்னா மோந்து பாருங்க."

"உங்க முட்டிய மோந்து பாக்கறதுக்கா நான் இருவத்தாறு வருசமா டீ உறிஞ்சறேன்?"

காளிமுத்துவைக் கூட்டி வந்த சரிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காளிமுத்து சுருட்டிய பேன்ட்டோடு ஒரு காலைச் சற்றே தூக்கியபடி நின்றார். இறக்குவதா வேண்டாமா என்று தெரியாதவர்போல அந்தத் துணியைப் பிடித்திருந்தார்.

"மூணாவது தடவை கேட்டுக்கு வெளிய. இது மேனேஜர் போட்ட ரூல், நான் போட்டதில்ல. சாயந்தரம் ஆபீசுக்கு வந்துருங்க."

கெஸியா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அது நழுவி விழுந்தது. அதை எடுக்காமலே உள்ளே போனாள்.

"சார், அது தைலம் இல்லைங்க. கற்பூரவல்லி. நான் வெச்சது. அஞ்சாவது தொட்டிக்கு அடியில காய வெச்சிருந்தேன். விசிறி போடுவாங்கன்னு தெரியலைங்க."

பாலகுமார் அவளைப் பார்த்தார். பிறகு காளிமுத்துவைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்துக்குப் பதில் ஒரு சலிப்பு வந்தது.

"ஏம்மா கெஸியா, ஏழு மாசத்துல ரிட்டயர்டு ஆகப்போற மனுசன்னு பாவம் பாக்கற. புரியுது. ஆனா பாவம் பாக்க இது உன்ற ஊடு இல்ல."

"நெசமாத்தானுங்க." ஓடிப்போய் வேலியிலிருந்து மூட்டையை எடுத்து வந்து வாசலிலேயே நின்று அவிழ்த்தாள். "இங்க பாருங்க."

"இது ஓமம் மாதிரி அடிக்குது. கோப்பையில இருக்கறது அது இல்ல. நீ வேலையப் பாரு போ."

சொன்னால் நம்பிவிடுவார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். காலையிலிருந்து அவள் பயந்தது நம்பப்படுவதைத்தான். இப்போது நம்பாமல் கதவைக் காட்டுகிறார்கள். போய்விடலாம். சொல்லியாயிற்று, அவர்தான் ஏற்கவில்லை என்று ஷிஜோவிடமும் சொல்லலாம், தனக்கும் சொல்லிக்கொள்ளலாம். காளிமுத்து இன்னும் அந்தக் காலை இறக்கவில்லை.

"சார், செடியில இருக்கும்போது ஒரு வாசனை, தேயிலைக்குள்ள போயி கொதிநீர்ல விழுந்தா வேற வாசனைங்க. முந்தாநாள் சரக்கு சுத்தமா இருக்குதுங்கல்ல? அதுல மூணு டப்பா எடுத்துக்கங்க. ஒண்ணுல ஒண்ணும் வேண்டாம். ஒண்ணுல தைலம் நனைச்ச காகிதம். ஒண்ணுல இந்த எலை, கசக்கிப் போட்டது. தூள்ல படாம மேல ஒரு துணியில தொங்கவிட்டு மூடி ஒரு மணி நேரம் டிரையருக்குப் பக்கத்துல வெப்போம். சரிதா நம்பர் போடட்டும், எது எதுன்னு நீங்க பாக்க வேண்டாம். அப்பறம் உறிஞ்சிப் பாருங்க."

பாலகுமார் மேஜையில் விரலால் தட்டினார். வேறு யாராவது சொல்லியிருந்தால் துரத்தியிருப்பார். ஆனால் இருபத்தாறு வருடமாக நாக்கை நம்பிப் பிழைத்த மனிதரிடம் நாக்குக்கு ஒரு பரீட்சை என்றால் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

"சரி. செஞ்சிரு."

அந்த ஒரு மணி நேரம் நகரவே இல்லை. காளிமுத்து டிரையரைப் பார்க்கப் போவதும், வந்து டப்பாக்களைப் பார்ப்பதுமாக இருந்தார். கெஸியா நின்ற பக்கம் வராமல் சுற்றிப் போனார். ஷிஜோ வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக அவளைப் பார்த்து, தலையை மெல்ல ஆட்டினான். அவள் தன் தவற்றைத் தானே நிரூபிப்பதற்காகக் கடிகார முள்ளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இலையை இன்னும் கொஞ்சம் கசக்கியிருக்கலாமோ என்று ஒரு பக்கம் தவித்தாள். ஒன்றும் தெரியாமல் போய்விட்டால் என்று இன்னொரு பக்கம் ஆசைப்பட்டாள். அந்த ஆசையைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்றரைக்கு மூன்று கோப்பைகள்.

முதல் கோப்பை. உறிஞ்சினார், துப்பினார். "இது சுத்தம்."

இரண்டாவது. "இது தைலம். மூக்குக்கு மேல விர்ருன்னு ஏறுது. ஏறி அப்படியே போயிருது."

மூன்றாவதை உறிஞ்சியவர் துப்பாமல் வாயிலேயே வைத்திருந்தார். துப்பிவிட்டு, இன்றைய சரக்கின் ஆறிய கோப்பையை எடுத்து உறிஞ்சினார். மறுபடி மூன்றாவது. மறுபடி இன்றைய சரக்கு.

"மேல ஏறல. நாக்குக்குப் பின்னால போயி உக்காந்துக்குது. துப்புனதுக்கு அப்பறமும் எந்திரிக்க மாட்டேங்குது." கரண்டியைக் கீழே வைத்தார். "ரெண்டும் ஒண்ணுதான். காளியண்ணே, பேன்ட்ட எறக்குங்க."

காளிமுத்து குனிந்தார். அது எப்போதோ தானாக இறங்கியிருந்தது. அவர் கை சும்மா ஒருமுறை அதைத் தடவிவிட்டது.

பாலகுமார் நாற்காலியில் உட்கார்ந்தார். "மூட்டை உள்ள இருக்கும்போதே விசிறி ஓடிருச்சுன்னு எப்பத் தெரியும் உனக்கு?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. மூட்டையை வைத்தது அறியாமல் நடந்தது. அதை எல்லோரும் புரிந்துகொள்வார்கள். அதை மட்டும்தான் அவள் இதுவரை சொல்லியிருந்தாள். மத்தியானம்தான் பார்த்தேன் என்று சொன்னால் கேட்க ஆள் இல்லை. சரிதாவுக்கு எலிதான் தெரியும்.

"காலைல ஆறே முக்காலுக்குங்க."

"இறக்கறதுக்கு முன்னாடியே."

"ஆமாங்க."

"அப்ப அஞ்சாவத மட்டும் தனியா உருட்டியிருக்கலாம்."

"ஆமாங்க சார்."

"ரெண்டாவது தொட்டி பூராவும் தப்பிச்சிருக்கும்."

வெளியே ஷிஜோ துடைப்பதை நிறுத்திவிட்டான்.

பாலகுமார் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார், மறுபடி உள்ளே வைத்தார். "செடி வளக்கறது தப்பில்லம்மா. காய வெச்சதுகூட, கேட்டிருந்தா ஏதாவது எடம் காட்டியிருப்பேன். இந்த அரை மணி நேரத்த நான் என்ன பண்ணறது?"

"லிஸ்ட்டுங்க சார்?"

"இந்தத் தடவை ரெண்டு பேரு. நாளையிலருந்து லாஃப்ட் வேண்டாம். ஃபீல்டுக்குப் போ. வெள்ளென தண்ணி தெளிக்க ஆள் பத்தலன்னு கேட்டுட்டு இருக்காங்க." எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "ஷிஜோ, இன்னிக்கி சாம்பிள் இல்ல. வண்டிய ஷெட்ல போடு."

கெஸியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, காளிமுத்து ஃபேக்டரிப் பின்வாசலில் நின்று கெட்டுப்போன தூளைத் தனிச் சாக்குகளில் கொட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். நல்ல சரக்குக்குப் பக்கத்தில் அதை வைக்கக்கூடாது. இப்போது அதுவே மற்றதைக் கெடுக்கும். அவள் குனிந்து ஒரு சாக்கின் வாயைப் பிடித்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"காலைலயே சொல்லியிருக்கலாம் புள்ள" என்றார் மூன்றாவது சாக்கைக் கட்டும்போது.

"ஆமாங்கண்ணா."

"முப்பத்தொம்பது வருசத்துல எந்தத் தொரை முன்னாடியும் நான் கால்சட்டையச் சுருட்டிக் காட்டுனதில்ல. அந்தச் சின்னப் புள்ள வேற சிரிச்சிருச்சு."

அவள் சாக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவர் சணலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். நாலாவது, ஐந்தாவது. கடைசிச் சாக்கையும் கட்டிவிட்டு இடுப்பை நிமிர்த்தி, தோட்டத்துப் பக்கம் பார்த்தார். சரிவின் அடிவாரத்தில் நிழல் விழ ஆரம்பித்திருந்தது. இன்றும் மேகம் இல்லை.

"தண்ணி அடிக்கிற வேலை செஞ்சிருக்கியா முந்தி?"

"இல்லைங்கண்ணா."

"அஞ்சு மணிக்குப் பெரட்டு, பேரு கூப்பிட்டு வேலை பிரிப்பாங்க. நேரா போயி ஓடையோரத்து வரிசைய எடுத்துக்கிறாத, புதுசா வர்றவங்களுக்கு அதத்தான் தள்ளிவிடுவாங்க. குழாயைப் பிடிக்கிற கையில ரப்பர் உறை போடு. காலுக்கு ரெண்டு சோடி சாக்ஸ், நடுவுல ஒரு பிளாஸ்டிக் கவர்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இல்லாட்டி ஒரு வாரத்துல உனக்கும் முட்டி போயிரும்."

அவர் டிரையரை நிறுத்த உள்ளே போனார். கெஸியா ஷெட்டுப் பக்கம் நடந்தாள், பிளாஸ்டிக் கவர் வீட்டில் எங்கே இருக்கும் என்று யோசித்தபடி.